குடிக்காத தண்ணீரின் கணக்கு

சிறுநீர்க் கசிவுக்கு மருத்துவ உலகம் ஒற்றை வரியில் இலக்கணம் வைத்திருக்கிறது. தன் கட்டுப்பாட்டை மீறிச் சிறுநீர் வெளியேறுகிறது என்று ஒருவர் முறையிட்டால் அது கசிவு. சர்வதேச சிறுநீர்க் கட்டுப்பாட்டுக் கழகம் 2002-இல் தரப்படுத்திய இந்த இலக்கணத்தைக் கொண்டுதான் எந்த நாட்டில் எத்தனை பெண்களுக்கு இந்தத் தொல்லை இருக்கிறது என்று எண்ணுகிறார்கள். அதற்குள் இரண்டு நிபந்தனைகள் இருக்கின்றன. ஒன்று, சிறுநீர் கசிய வேண்டும். மற்றொன்று, கசிந்ததை அவள் யாரிடமாவது சொல்ல வேண்டும். விழுப்புரம் மாவட்டத்தின் மரக்காணம் உப்பளக் கரையில் இந்த இரண்டு நிபந்தனைகளுமே நிறைவேறாமல் போக வாய்ப்புண்டு. காலையிலிருந்து ஒரு வாய்த் தண்ணீர் குடிக்காதவளுக்குக் கசிவதற்கு அதிகம் இருக்காது. கசிந்தாலும், அதைச் சொல்லப் போக ஒரு நாள் கூலியை விட வேண்டும். ஆகவே கணக்கெடுப்பில் அவள் நலமானவளாகவே பதிவாவாள். இந்த அத்தியாயம் சொல்ல வருவது இதுதான்: நிழலும் கழிப்பறையும் இல்லாத வேலையிடத்தில் கசிவை மட்டும் எண்ணினால் நோயின் மேற்பரப்பைத்தான் எண்ணுகிறோம். அங்கே எண்ண வேண்டியது குடிக்காமல் விட்ட தண்ணீரை.

இடத்தை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். சென்னையிலிருந்து புதுச்சேரி போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையின் ஓரத்தில், கழுவெளி ஏரிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட தாழ்நிலத்தில் மரக்காணம் உப்பளங்கள் விரிந்து கிடக்கின்றன. பக்கிங்ஹாம் கால்வாயின் தென்கோடியும் இங்கேதான். தமிழகத்தில் தூத்துக்குடி, வேதாரண்யம் என்று உப்புக்குப் பெயர்பெற்ற ஊர்களின் வரிசையில் இதுவும் ஒன்று. வடகிழக்குப் பருவமழையின் நீர் வடிந்த பிறகு, தை, மாசி வாக்கில் பாத்திகளைச் சீர்செய்யத் தொடங்குவார்கள். கோடை முழுக்க உப்பு வாருவார்கள். அடுத்த மழை வந்ததும் வேலை நின்றுபோகும். அந்த வேலையில்லா மாதங்களுக்காகத் தமிழக அரசு உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு 5,000 ரூபாய் நிவாரணம் தருகிறது. வருமானத்தின் பெரும்பகுதி வெயில் மிகக் கடுமையாக அடிக்கும் மாதங்களுக்குள் அடங்கியிருக்கிறது என்பதற்கு அந்தத் தொகையே சாட்சி. பாத்தியில் விளைந்த உப்பைப் பலகையால் இழுத்துச் சேர்ப்பது பெரும்பாலும் ஆண்கள் வேலை. ஈர உப்பைக் கூடையில் அள்ளித் தலையில் ஏற்றி, வழுக்கும் வரப்பின் மேல் நடந்து குவியலில் கொட்டுவது பெண்கள் வேலை. உப்பேறிய மண்ணில் மரமோ புதரோ முளைக்காது. வெள்ளைத் தரை வெயிலைத் திருப்பி முகத்தில் அடிக்கும். கண்ணுக்கெட்டிய தூரம் வரை ஒதுங்க மறைவில்லை. ஆண் ஒருவன் திரும்பி நின்றால் போதும். பெண் சாலையோரத்து வேலிக்கருவைப் புதர் வரை நடந்து போய்த் திரும்ப வேண்டும்.

இனி உடம்புக்கு வருவோம். வளர்ந்த ஒருவரின் சிறுநீர்ப்பை ஏறத்தாழ 400 முதல் 500 மில்லிலிட்டர் வரை கொள்ளும். அதில் பாதி நிறையும்போதே மூளைக்கு முதல் செய்தி போய்விடும். இடமும் நேரமும் பார்த்து, போகலாமா, பொறுக்கலாமா என்று முடிவெடுப்பது மூளை. பெண்களின் சிறுநீர்த்தாரை சுமார் 4 சென்டிமீட்டர் நீளமே உள்ள குட்டையான குழாய். அதை மூடி வைப்பதில் இடுப்பின் அடித்தளத் தசைகளுக்குப் பெரிய பங்குண்டு. சிறுநீர்ப்பை, கருப்பை, மலக்குடல் மூன்றையும் கீழிருந்து தூளிபோல் தாங்கி நிற்கும் தசைகள் அவை. பிள்ளைப்பேற்றில் இந்தத் தசையோ அதன் நரம்போ கிழிந்து தளர்ந்தால், இருமும்போதும் தும்மும்போதும் சுமையைத் தூக்கும்போதும் வயிற்றின் அழுத்தம் தாரையைத் திறந்துவிடும். இது அழுத்தக் கசிவு. சிறுநீர்ப்பையின் சுவர்த்தசை நேரங்காலம் பாராமல் சுருங்கினால், வந்ததும் அடக்க முடியாமல் ஓட வைக்கும். இது அவசரக் கசிவு. இரண்டும் சேர்ந்து வருவதும் உண்டு. லக்னோவில் மருத்துவமனைக்கு வந்த 3,000 பெண்களிடம் நடத்தி 2013-இல் வெளியான ஆய்வில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு, அதாவது 21.8 சதவீதத்தினருக்குக் கசிவு இருந்தது. அவர்களில் நான்கில் மூன்று பங்கினருக்கு இருந்தது அழுத்தக் கசிவு. தலையில் உப்புக் கூடையை ஏற்றும் ஒவ்வொரு முறையும் வயிற்றின் அழுத்தம் உயரும் வேலையில், இந்த வகைதான் முதலில் நினைவில் கொள்ள வேண்டியது.

வெயிலையும் கழிப்பறையையும் சேர்த்து அளந்த ஆய்வு ஒன்று தமிழகத்திலிருந்தே வந்திருக்கிறது. சென்னை போரூரிலுள்ள ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் பேராசிரியர் வித்யா வேணுகோபாலும் குழுவினரும் மூன்று தொழில்துறைகளில் வேலை செய்த 312 பெண்களை 2014, 2015 ஆண்டுகளில் ஆராய்ந்து, 2016-இல் முடிவை வெளியிட்டார்கள். காற்றின் சூடு, ஈரப்பதம், வெயில், காற்றோட்டம் நான்கையும் சேர்த்துக் கணக்கிடும் வெப்பச்சுமை அளவு சராசரியாக 30 டிகிரியாக இருந்தது. நடுத்தரமான உடலுழைப்பைத் தொடர்ந்து செய்ய, வெயிலுக்குப் பழகிய உடம்புக்குக்கூட 28 டிகிரிதான் எல்லை. பெண்களில் 71 சதவீதத்தினர் தங்கள் வேலைக்குரிய பாதுகாப்பு வரம்பைத் தாண்டிய வெப்பத்தில் உழைத்தார்கள். வேலையிடத்தில் போதிய கழிப்பறை இல்லாத 200 பெண்களில் 87 சதவீதத்தினர் சிறுநீர், பிறப்புறுப்புத் தொல்லைகள் அவ்வப்போது வருவதாகச் சொன்னார்கள். இந்த எண்ணைக் கையாளும்போது நிதானம் வேண்டும். சிறுநீர்த் தொல்லை என்பதில் நீர்க்கடுப்பும் எரிச்சலும் தொற்றும் அடங்கும், அத்தனையும் கசிவாகாது. பெண்கள் தாங்களே சொன்னதைத்தான் ஆய்வு பதிவு செய்தது. ஒரே சமயத்தில் எடுத்த அளவு என்பதால் எது காரணம், எது விளைவு என்று அதைக் கொண்டு மட்டும் தீர்ப்புச் சொல்ல முடியாது. உப்பளத்துக்கென்று தனியே நடந்த ஆய்வும் அன்று. ஆயினும் கழிப்பறைக் குறையும் வெப்பமும் பெண்ணின் சிறுநீரகப் பாதையும் ஒரே கேள்வித்தாளில் சேர்ந்தது இங்கே பெரிய விஷயம். வழக்கமாக வெப்பத்தை ஒரு துறையும், கழிப்பறையை இன்னொரு துறையும், கசிவை மூன்றாவது துறையும் தனித்தனியே பார்க்கின்றன. பெண்ணின் உடம்பிலோ மூன்றும் ஒரே காலைப்பொழுதில் நடக்கின்றன.

கழிப்பறை இல்லாத இடத்தில் பெண்கள் கண்டுபிடித்த வைத்தியம் தண்ணீரைக் குறைப்பது. அந்த வைத்தியம் பலிக்கிறது என்பதை மறைக்கக் கூடாது. பிரிட்டனில் 2008-இல் ஹஷீம், ஆப்ரம்ஸ் என்ற மருத்துவர்கள் அடிக்கடியும் அவசரமாகவும் சிறுநீர் வரும் தொல்லை உள்ளவர்களிடம் சோதித்தார்கள். குடிக்கும் அளவைக் கால்பங்கு குறைத்தபோது தொல்லை தணிந்தது. அதனால்தான் பல மருத்துவக் கையேடுகளில் நீரை அளந்து குடிக்கும் அறிவுரை இடம்பெறுகிறது. ஆனால் அந்தச் சோதனை குளிர்நாட்டில், தேவைக்கு மேல் குடிக்க வசதி உள்ளவர்களிடம் நடந்தது. மே மாத உப்பளத்தில் உடம்பு மணிக்கு ஒரு லிட்டர் வரை வியர்வையாக இழக்கக்கூடும். இழந்ததை ஈடுசெய்யாதபோது சிறுநீரகம் இருக்கிற நீரைப் பிடித்து வைத்துக்கொண்டு, கழிவை மிகச் செறிவான சிறு அளவில் அனுப்பும். அந்தச் செறிவில் கல் உருவாக வழி பிறக்கிறது. அடிக்கடி அலசி விடப்படாத பாதையில் கிருமிக்குத் தங்க இடம் கிடைக்கிறது. இது ஊகம் மட்டுமன்று. குறைவாகத் தண்ணீர் குடித்து, அடிக்கடி சிறுநீர்த் தொற்றுக்கு ஆளான 140 பெண்களில் ஒரு பாதியினருக்கு நாளும் ஒன்றரை லிட்டர் தண்ணீர் கூடுதலாகக் கொடுத்துப் பார்த்த சோதனை 2018-இல் வெளிவந்தது. ஓராண்டில் அவர்களுக்குச் சராசரியாக 1.7 முறை தொற்று வந்தது. மற்றப் பாதியினருக்கு 3.2 முறை. தொற்று வந்த சிறுநீர்ப்பை எரிச்சலில் நேரங்காலமின்றிச் சுருங்கும். அப்போது எந்தக் கசிவுக்குப் பயந்து அவள் குடிக்காமல் இருந்தாளோ அதே கசிவு இன்னொரு வாசல் வழியே உள்ளே வரும். அதற்கும் மேல் சிறுநீரகமே இருக்கிறது. தமிழ்நாட்டின் ஏழு உப்பளங்களில் ஆணும் பெண்ணுமாக 352 தொழிலாளர்களை ஸ்ரீ ராமச்சந்திரா குழு ஆராய்ந்து 2023-இல் வெளியிட்ட முடிவில், சுமார் 7 சதவீதத்தினருக்குச் சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் குறைந்திருந்தது. சேலை நனையாமல் காக்க உடம்பின் உள்ளே கொடுக்கும் விலை இது.

இங்கே முதல் மறுப்பு எழும். கசிவுக்குப் பெருங்காரணம் பிள்ளைப்பேறும் வயதும்தானே, உப்பளத்தை ஏன் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற வேண்டும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. குளிரூட்டிய அலுவலகத்தில் உட்கார்ந்து வேலை செய்யும் பெண்ணுக்கும் இரண்டு பிள்ளை பெற்ற பிறகு கசிவு வருகிறது. பாரம் தூக்குவதால் இடுப்படித் தசை கெடுகிறதா என்பதிலும் ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை. டென்மார்க்கில் நோயாளிகளைத் தூக்கி உழைக்கும் உதவிச் செவிலியர்களை மற்றப் பெண்களோடு ஒப்பிட்டு 1994-இல் வெளியான ஆய்வில், கருப்பை இறக்கத்துக்கான அறுவை சிகிச்சை அவர்களிடையே 1.6 மடங்கு அதிகமாக இருந்தது. உடற்பயிற்சி செய்யும் பெண்களைப் பார்த்த வேறு ஆய்வுகளில் இவ்வளவு தெளிவான தொடர்பு தெரியவில்லை. ஆகையால் உப்புக் கூடைதான் தசையைத் தளர்த்தியது என்று அடித்துச் சொல்ல என்னிடம் சான்றில்லை. என் வாதத்துக்கு அது தேவையுமில்லை. தசை எதனால் தளர்ந்திருந்தாலும், தளர்ந்த தசையோடு ஒரு பெண் என்ன செய்ய முடியும் என்பதை அவளுடைய வேலையிடம் தீர்மானிக்கிறது. அலுவலகப் பெண் இருபதடி நடந்து கழிப்பறைக்குப் போவாள், உள்ளாடையில் நாப்கின் வைத்துக்கொள்வாள், தண்ணீரும் குடிப்பாள். அதே தளர்ச்சி உள்ள உப்பளப் பெண் தண்ணீரை நிறுத்துவாள். முதலாமவளுக்கு அது தொந்தரவோடு நிற்கிறது. இரண்டாமவளுக்குத் தொற்றாகவும் கல்லாகவும் சிறுநீரகச் சேதமாகவும் வளரக்கூடும். பிள்ளைப்பேற்றின் காயம் இருவருக்கும் பொது; அதிலிருந்து கிளைக்கும் நோய் பொதுவன்று.

இரண்டாவது மறுப்பு இன்னும் பரவலானது. நம் பெண்கள் வெட்கப்படுகிறார்கள், வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள், பண்பாடு அப்படி என்பார்கள். வெட்கம் இருக்கிறது, யாரும் மறுக்கவில்லை. ஆனால் நடத்தைக்குக் காரணம் பண்பாடா, வேலையா என்று பிரித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. வேறு பண்பாட்டில் இதே போன்ற வேலை நெருக்கடி இருக்குமிடத்தைப் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் தொடக்கப்பள்ளி ஆசிரியைகளிடம் இங்ரிட் நைகார்ட் நடத்தி 1997-இல் வெளியிட்ட ஆய்வு அப்படியொரு வாய்ப்பைத் தருகிறது. வகுப்பை விட்டு நகர முடியாத வேலை அவர்களுடையது. பதில் தந்த 791 பேரில் பாதிப்பேர் கழிப்பறைக்குப் போக நேராமலிருக்க வேலை நேரத்தில் வேண்டுமென்றே தண்ணீரைக் குறைத்துக்கொண்டதாகச் சொன்னார்கள். அப்படிக் குறைத்தவர்களுக்குச் சிறுநீர்த் தொற்று மற்றவர்களைவிட 2.2 மடங்கு அதிகம். அவர்கள் படித்தவர்கள். தங்கள் உடம்பைப் பற்றிப் பேசத் தயங்காத சமூகத்தில் வளர்ந்தவர்கள். பள்ளிக் கட்டடத்தில் கழிப்பறையும் இருந்தது. அதற்குப் போக நேரம்தான் இல்லை. இவ்வளவு இருந்தும் மரக்காணத்துப் பெண் தேர்ந்தெடுக்கும் வழியையே அவர்களும் தேர்ந்தெடுத்தார்கள். தமிழ்ப் பெண்ணின் நாணம் என்று நாம் எழுதி வைக்கும் பலவும், எழுந்து போக முடியாத வேலையில் சிக்கிய எந்தப் பெண்ணும் செய்யும் கணக்குத்தான்.

புலம்பெயர்ந்த பெண்களைப் பற்றிய ஆய்வுகளும் இதே முடிச்சில் வந்து நிற்கின்றன. நெதர்லாந்தில் குடியேறிய மொராக்கோ, துருக்கிப் பெண்களிடம் கசிவைப் பற்றி ஆழமாகப் பேசி 2006-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. தொழுகைக்கு வேண்டிய தூய்மை கசிவால் கெடுவதே அவர்களுக்குப் பெருந்துயரமாக இருந்தது. பெண் மருத்துவரையே அவர்கள் விரும்பினார்கள். உடம்பில் என்ன நடக்கிறது, என்ன சிகிச்சை இருக்கிறது என்பது பலருக்குத் தெரிந்திருக்கவில்லை. இதைப் படிப்பவர் மதத்தையும் வெட்கத்தையும் மட்டும் பிடித்துக்கொண்டால் பாதியைத்தான் படித்தவராவார். தன் மொழியில், ஒரு பெண்ணிடமிருந்து, புரியும்படியான விளக்கம் கிடைக்கவில்லை என்பது மருத்துவ ஏற்பாட்டின் குறை, நோயாளியின் குறையாகாது. மொழியும் நாடும் மாறாமலே இந்த அந்நியம் வரும் என்பதற்கு மரக்காணத்துக்குப் பக்கத்துச் சான்று இருக்கிறது. செங்கல்பட்டில் 1981 முதல் இயங்கும் கிராமப் பெண்கள் சமூகக் கல்வி மையத்தின் பின்னணியில், சுந்தரி ரவீந்திரன், சாவித்திரி, பவானி மூவரும் கருப்பை இறங்கிய பெண்களின் அனுபவங்களைத் தொகுத்து 1999-இல் வெளியிட்டார்கள். அடி இறங்கியதோடு ஆண்டுக்கணக்கில் வயல்வேலை செய்த பெண்கள் அவர்கள். பேறு முடிந்ததும் போதிய ஓய்வில்லாமல் வேலைக்குத் திரும்பியதும், செலவுக்குப் பணமில்லாததும், அறுவை சிகிச்சைக்குப் பின் படுத்திருக்க வீட்டில் வழியில்லாததும் அந்தத் தொகுப்பில் திரும்பத் திரும்ப வருகின்றன. சொந்த மாவட்டத்தில், சொந்த மொழி பேசும் மருத்துவமனையில்கூட அவள் குடியேறி வந்தவளைப் போலவே நிற்க வேண்டியிருக்கிறது. கடல் தாண்டியவளையும் உப்பளம் தாண்டியவளையும் ஒரே வரிசையில் நிறுத்துவது, அவர்களின் நேரத்தையும் வேலையையும் கணக்கில் எடுக்காத மருத்துவம்.

அந்த மருத்துவத்தின் வாசலுக்கு ஒருமுறை போய்ப் பார்க்கலாம். சிறுநீரகவியல், மகளிர் நோய்ப் பிரிவுகள் உள்ள பெரிய மருத்துவமனை என்றால் புதுச்சேரி ஜிப்மர் அல்லது முண்டியம்பாக்கத்திலுள்ள விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி. இரண்டுமே மரக்காணத்திலிருந்து 30 கிலோமீட்டருக்கு மேல். காலையில் சீட்டுப் போட்டு மருத்துவரைப் பார்த்துத் திரும்பினால் அன்றைய கூலி போயிற்று. அங்கே கிடைக்கக்கூடிய அறிவுரைகளை உப்பளத்தில் வைத்துப் பார்த்தால் சங்கடம் புரியும். மூன்று நாளைக்குக் குடித்ததையும் கழித்ததையும் எழுதி வரச் சொல்வார்கள். குடிக்கவே இல்லாதவளின் குறிப்பேட்டில் கழித்ததும் குறைவாகத்தான் இருக்கும், பை நன்றாக இருப்பதுபோலத் தோன்றும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கழிப்பறைக்குப் போய்ப் பழகச் சொல்வார்கள், எந்தக் கழிப்பறைக்கு? பாரம் தூக்காதே என்பார்கள். அதற்குப் பெயர் வேலையை விடு என்பது. எரிச்சலோடு வருபவளுக்கு நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரை கிடைக்கும்; தண்ணீர்ப் பழக்கம் மாறாததால் தொற்றும் திரும்பும். எல்லாத் தொல்லைக்கும் கருப்பைதான் காரணம், எடுத்துவிட்டால் தீரும் என்ற நம்பிக்கையும் ஊரில் பரவலாக உண்டு. கசிவைப் பொறுத்தவரை அது தவறான நம்பிக்கை. ஸ்வீடனில் 1,65,000-க்கும் மேற்பட்ட பெண்களின் பதிவேடுகளைப் பார்த்து 2007-இல் வெளியான ஆய்வில், புற்றுநோய் அல்லாத காரணங்களுக்காகக் கருப்பையை எடுத்துக்கொண்டவர்களுக்குப் பின்னாளில் அழுத்தக் கசிவுக்கான அறுவை சிகிச்சை தேவைப்பட்டது மற்றவர்களைவிட 2.4 மடங்கு அதிகமாக இருந்தது. எளிய சிகிச்சை எட்டாத தூரத்தில் இருக்கும்போது, கடைசிச் சிகிச்சை முதல் சிகிச்சையாகிவிடுகிறது.

எளிய சிகிச்சை இருக்கிறது என்பதுதான் இதில் வருத்தமான செய்தி. அமெரிக்க மருத்துவர் ஆர்னால்டு கெகல் 1948-இல் எழுதிப் பரப்பிய இடுப்படித் தசைப்பயிற்சிக்குக் கருவியோ மாத்திரையோ வேண்டாம். சிறுநீரை நிறுத்துவதுபோல் அந்தத் தசையை இறுக்கிச் சில நொடி பிடித்து விட வேண்டும். எட்டு முறை இறுக்குவது ஒரு சுற்று, நாளுக்கு மூன்று சுற்று, குறைந்தது மூன்று மாதம் என்பது வழக்கமான அளவு. காக்ரேன் குழு 2018-இல் பல சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தபோது, அழுத்தக் கசிவுள்ள பெண்களில் பயிற்சி செய்தவர்களில் 56 சதவீதத்தினர் குணமானதாகச் சொன்னார்கள். செய்யாதவர்களில் 6 சதவீதத்தினர் மட்டும். கருப்பை இறங்கியவர்களுக்கு உள்ளே பொருத்திக்கொள்ளும் வளையம் இருக்கிறது. அறுவை இல்லாமலே வேலைக்குப் போக அது துணைசெய்யும். ஆனால் தவறான தசையை இறுக்கி வயிற்றை முக்கினால் பயிற்சி எதிர்ப்பலன் தரும். ஆகையால் யாராவது ஒருமுறை நேரில் சொல்லித்தர வேண்டும், இடையிடையே வந்து விசாரிக்க வேண்டும். தமிழகத்துக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ஊர்ப்பெண்களே சுகாதாரத் தன்னார்வலர்களாக வீடு வீடாகப் போகிறார்கள். இயன்முறை மருத்துவரும் வீட்டுக்கு வருகிறார். 2024-இல் தொழிலாளரைத் தேடி மருத்துவம் என்று அது வேலையிடங்களுக்கும் நீண்டது. இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் கேட்கப் போகிறவர் இன்னும் இரண்டு கேள்வி கேட்க முடியும். பக்கவாத நோயாளிக்குக் கைகால் பயிற்சி தரும் இயன்முறை மருத்துவர் இந்தப் பயிற்சியையும் தர முடியும். புதிய கட்டடமோ புதிய பதவியோ இதற்குத் தேவையில்லை. பெண்ணிடம் பெண் பேசுவது என்ற, நெதர்லாந்து ஆய்வில் பெண்கள் கேட்ட ஏற்பாடு இங்கே ஏற்கெனவே சம்பளப் பட்டியலில் இருக்கிறது.

ஆனால் பயிற்சியை மட்டும் கொடுத்துவிட்டு நகர்ந்தால் இந்த அத்தியாயத்தின் வாதம் பாதியில் நின்றுவிடும். தசை தேறினாலும் கழிப்பறை இல்லாதவள் தண்ணீர் குடிக்கமாட்டாள். இங்கே மூன்றாவது மறுப்பு வரும்: திறந்தவெளிச் சேற்று நிலம், நல்ல தண்ணீர் கிடையாது, மழையில் மூழ்கும், சிறு குத்தகைக்காரர்களால் முடியாது, கட்டினாலும் யாரும் போகமாட்டார்கள் என்பது. சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 19-ஆவது பிரிவு, ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனியே, வேலை நேரம் முழுவதும் எட்டக்கூடிய இடத்தில் கழிப்பறை வேண்டும் என்றது. கூரையில்லாத உப்பளம் தொழிற்சாலையாகுமா என்ற வழக்கில், ஆகும் என்று உச்ச நீதிமன்றம் 1961-லேயே தீர்ப்பளித்தது. கடல்நீரை மனித உழைப்பால் உப்பாக்குவது உற்பத்திதான், வெட்டவெளியும் தொழிலிடம்தான் என்றது. ஓட்டை வேறிடத்தில் இருந்தது. மின்சாரம் இருந்தால் 10 பேர், இல்லாவிட்டால் 20 பேர் என்ற வரம்புக்குக் கீழே போகும் சிறு குத்தகைகள் தொழிற்சாலை என்ற சொல்லுக்குள் வரவில்லை. 2020-ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டத்தொகுப்பு அந்த வரம்பை 20, 40 என்று இன்னும் உயர்த்தியது. குத்தகைக்காரர் ஒவ்வொருவரும் தனித்தனியே கட்ட வேண்டியதில்லை. பல அளங்களுக்குப் பொதுவாக, மண்சாலை ஓரத்து மேட்டில், பருவம் முடிந்ததும் எடுத்துச் செல்லக்கூடிய நகரும் கழிப்பறைகளை ஊராட்சியும் உப்புத்துறையும் சேர்ந்து வைக்கலாம். போகமாட்டார்கள் என்ற சந்தேகத்துக்கும் பதில் இதிலேயே இருக்கிறது: தொலைவில், பூட்டியபடி, தண்ணீரில்லாமல் இருந்தால் யாரும் போகமாட்டார்கள், எந்த ஊரிலும் போவதில்லை. செலவைப் பற்றிக் கவலைப்படுபவர் எல் சால்வடோரின் கரும்புத் தோட்டத்தைப் பார்க்கட்டும். அங்கே வெயிலில் சிறுநீரகம் கெட்டு இறந்த தொழிலாளர்கள் பலர். தண்ணீர், ஓய்வு, நிழல் மூன்றையும் முறைப்படுத்திய முயற்சியின் முடிவு 2016-இல் வந்தபோது, ஒருவர் நாளுக்கு வெட்டிய கரும்பு 5.1 டன்னிலிருந்து 7.3 டன்னாக உயர்ந்திருந்தது. வெட்டும் முறையிலும் மாற்றம் செய்யப்பட்டதால் அந்த உயர்வு முழுவதையும் தண்ணீரின் கணக்கில் எழுத முடியாது. தாகம் தணிந்தவர் வேலையைக் குறைத்துவிடவில்லை என்பதை மட்டும் எழுதலாம்.

இப்போது தொடக்கத்து இலக்கணத்தைத் திருத்தி எழுதும் நிலைக்கு வந்துவிட்டோம். சிறுநீர்க் கட்டுப்பாடு என்பது தசையிலும் நரம்பிலும் மட்டும் இருக்கும் திறமை என்று நூல்கள் சொல்கின்றன. அது குடிதண்ணீர்ப் பானைக்கும் கழிப்பறைக் கதவுக்கும் இடையிலுள்ள தூரத்திலும் இருக்கிறது. அந்தத் தூரம் நீளமாக இருக்கும் வரை, கசிவு குறைவு என்று காட்டும் எந்தக் கணக்கெடுப்பும் நல்ல செய்தியாகாது. குடிக்காமல் இருப்பவர்கள் அதிகம் என்பதற்கும் அதே எண்தான் வரும். ஆகவே உப்பளப் பெண்ணிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி கசிகிறதா என்பதாக இருக்க வேண்டாம். வேலைக்கு இறங்கியதிலிருந்து கரையேறும் வரை எத்தனை முறை தண்ணீர் குடித்தாய், எத்தனை முறை ஒன்றுக்குப் போனாய் என்று கேட்கட்டும். சொல்ல வெட்கப்படத் தேவையில்லாத கேள்விகள் இவை. எந்தச் சுகாதாரத் தன்னார்வலரும் குறித்துக்கொள்ளக்கூடிய எண்கள். இரண்டுக்கும் விடை பூஜ்யம் என்று வந்தால் அங்கேயே இரண்டு மருந்துச்சீட்டு எழுத வேண்டும். பயிற்சி, சிறுநீர்ச் சோதனை, தேவையானால் வளையம் என்ற சீட்டு அந்தப் பெண்ணின் பெயருக்கு. நல்ல தண்ணீர், நிழல், நடக்கும் தூரத்தில் கழிப்பறை என்ற சீட்டு அவள் வேலை செய்யும் அளத்தின் பெயருக்கு. முதல் சீட்டை மட்டும் எழுதும் மருத்துவம், அவளைக் குணப்படுத்தி மறுநாள் காலை அதே நோய்க்குத் திருப்பி அனுப்புகிறது.